வண்டி நின்ற பிறகு பேசலாம்

ஜனவரி 13, சனி

இந்த டைரி மிட்டாய்க் கம்பெனி முதலாளி கொடுத்தது. வருஷா வருஷம் கொடுப்பார். நானும் வருஷா வருஷம் புள்ளி வைத்துக் கோலம் போட்டுப் பார்த்தே அதைத் தீர்த்துவிடுவேன். இந்தத் தடவை எழுதலாம் என்று தோன்றுகிறது. வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது, அதுதான் காரணமாக இருக்கும்.

என் வீட்டுக்காரர் வேலைக்குப் போகாமல் வீட்டோடு இருக்க ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. கடலை மிட்டாய் ஏற்றிக்கொண்டு கோவில்பட்டியிலிருந்து நாகர்கோவில் வரைக்கும் போகிற லோடு வேன் அவருடையது. அதாவது கம்பெனி வேன்தான், ஆனால் பதினெட்டு வருஷமாக அவர் கையில் இருக்கிறது. லைசென்ஸை நிறுத்தி வைத்திருந்தார்கள். இருபதாம் தேதியோடு அது முடிகிறது.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, லோடு ஏற்றத் தாமதமாகிக் கிளம்பிய அன்றைக்கு நடந்தது. கயத்தாறுக்கு முன்னால், கிளை ரோடு பிரிகிற ஒரு விலக்கில், ஸ்கூட்டியில் போன அருள்மேரி என்கிற அம்மா மேல் வேன் உரசிவிட்டது. சத்துணவு அமைப்பாளர். வலது காலில் இரண்டு இடத்தில் முறிவு. ஆடு குறுக்கே வந்தது, திருப்பினேன் என்று இவர் சொன்னார். ஸ்டேஷனிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

நான் அப்போது வீட்டில் இருந்தேன். காலை பதினொன்றே கால். சமையல் பாதியில் இருந்தது. கருணைக்கிழங்கு நறுக்கி வைத்திருந்தேன். அன்றைக்கு அதைச் சமைக்கவில்லை.

நாளைக்கு மகள் சிந்துஜா சென்னையிலிருந்து வருகிறாள். அவளுடைய மெத்தை உறையைத் துவைத்துப் போட்டாயிற்று.

ஜனவரி 16, செவ்வாய்

பொங்கல் நல்லபடியாக முடிந்தது. பால் கிழக்கே பொங்கியது.

இன்றைக்குக் காலையில் முதலாளி வீட்டுக்கே வந்துவிட்டார். கரும்பு கொடுத்து, காபி குடித்து, அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார்.

"அய்யலு, நீ திங்கக்கிழமை வேனை எடுத்துக்கோ. ஆனா ஒண்ணு. நம்ம டிரைவர் எல்லாரும் போன்ல அந்த ஆப்பைப் போட்டாகணும். ஓட்டும்போது போனைப் பூட்டிவைக்கிற ஆப்பு. உனக்கு மட்டும்னு நெனச்சுக்காத. எல்லாருக்கும்தான்."

"நான் போன் பேசி இடிக்கலையே முதலாளி. ஆடுல்லா வந்துச்சு" என்றார் இவர்.

"அதான் தெரியுமே. இருந்தாலும் போட்டுக்கோ."

நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

சிந்துஜாதான் போட்டுக்கொடுத்தாள். வண்டி பத்துக் கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் போன் தானாகவே பூட்டிக்கொள்ளுமாம். மணி அடிக்காது, வெளிச்சம் வராது. கூப்பிடுகிறவர்களுக்கு நாம் பதிந்து வைத்த குரல் கேட்கும். வண்டி நின்று இரண்டு நிமிஷம் ஆனால்தான் திரும்பத் திறக்கும். குரல் பதிவதற்கு அவர் பட்ட பாடு! முதல் தடவை "அலோ, அலோ" என்று இரண்டு முறை சொல்லிவிட்டு, யாராவது பதில் சொல்வார்கள் என்று காத்திருந்தார். சிந்துஜா விழுந்து விழுந்து சிரித்தாள். ஐந்தாவது தடவைதான் சரியாக வந்தது. "அய்யலுசாமி பேசுறேன். வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கேன். நிப்பாட்டினதும் கூப்பிடுறேன்."

அப்புறம் அவள் கேட்டாள். "மூணு நம்பர் மட்டும் பூட்டைத் தாண்டி வரலாம்ப்பா. அவசரத்துக்கு. யார் யாரைப் போட?"

"அம்மாவைப் போடு" என்றார் அவர், யோசிக்காமல்.

"என் நம்பர் வேண்டாம்" என்றேன்.

"ஏம்மா? திடீர்னு உனக்கு ஒண்ணுன்னா?"

"எனக்கு என்ன ஆகப்போகுது? பக்கத்துல ஆள் இல்லையா? வேண்டாம்னா வேண்டாம்."

என் குரல் எனக்கே கொஞ்சம் சத்தமாகக் கேட்டது. சிந்துஜா என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அவர் கரும்புத் தோலைப் பல்லால் உரித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. கடைசியில் முதலாளி நம்பரை மட்டும் போட்டாள்.

ஜனவரி 17, புதன்

சிந்துஜா சாயங்கால ரயிலுக்குப் போனாள். முறுக்கு டப்பாவை மறந்துவிட்டாள்.

ஜனவரி 22, திங்கள்

ஏழு மணிக்குக் கிளம்பினார். வேனுக்குப் பூப்போட்டு, சூடம் காட்டி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். போனைத் தன் சட்டைப்பையிலிருந்து எடுத்து, எனக்குத் தெரிகிற மாதிரி, வண்டியின் முன் டப்பாவுக்குள் வைத்து மூடினார்.

வீடு அப்படி ஒரு அமைதி. பாத்திரம் கழுவினேன், துணி மடித்தேன், பரணைத் துடைத்தேன். பதினொரு மணி ஆனதும் கை தானாகப் போனைத் தேடியது. புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்துவிட்டேன்.

பூத்தில் இருந்த நாட்கள் ஞாபகம் வந்தன. தொண்ணூற்றெட்டு. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மருந்துக்கடைக்கும் சாக்குக்கடைக்கும் நடுவில் எங்கள் சித்தப்பாவின் எஸ்.டி.டி. பூத். மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கதவு, உள்ளே கைக்குட்டை அளவு ஒரு மின்விசிறி. ப்ளஸ் டூ முடித்துவிட்டு நான்தான் அங்கே உட்கார்ந்திருந்தேன். கதவுக்குள் ஆள் பேசப் பேச என் மேஜை மேல் சிவப்பு எண்கள் ஓடும். துபாய்க்குப் பேசுகிறவர்கள் எண்களைப் பார்த்துக்கொண்டே அழுவார்கள்.

அவர் அப்போது சாத்தூரில் ஒரு அட்டைப்பெட்டிக் கம்பெனிக்கு வேன் ஓட்டினார். முதலாளிக்குப் பேசுவதற்காக எங்கள் பூத்தில் நிறுத்துவார். "லோடு இறக்கியாச்சு முதலாளி", அவ்வளவுதான் பேச்சு. வந்து போக ஆரம்பித்து நான்கு மாதம் ஆனது, என்னிடம் பெயர் கேட்க. "செண்பகவல்லி" என்றேன். "கோயில்ல இருக்கிற அம்மன் பேரா?" என்று கேட்டுவிட்டுக் காது சிவந்துபோனார்.

அப்புறம் பூத்துக்கே போன் வர ஆரம்பித்தது. "விருதுநகர்ல நிக்கேன்." "அருப்புக்கோட்டைல நிக்கேன், மழை கொட்டுது." ஒவ்வொரு ஊரிலும் ஒரு பூத்துக்குள் நின்றுகொண்டு பேசுவார். பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் கதவைத் தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்கும். வேனில் ஓடுகிற மனுஷனோடு அந்தக் காலத்தில் யாரும் பேச முடியாது. எங்காவது நின்றால்தான் பேச்சு. அவர் எந்த ஊரில் எத்தனை மணிக்கு நிற்பார் என்று எனக்கு அத்துப்படி. அந்த நேரத்துக்குப் பூத்து போனை யாரிடமும் கொடுக்கமாட்டேன். "லைன் கெட்டுப்போச்சு அண்ணே" என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்!

சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தார். "ரோடெல்லாம் எப்படி இருந்துச்சு?" என்றேன். "அப்படியேதான் இருக்கு" என்றார்.

ஜனவரி 25, வியாழன்

பதினொரு மணிக்குக் கூப்பிட்டேன். "அய்யலுசாமி பேசுறேன். வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கேன்." முழுவதும் கேட்டேன். வைத்துவிட்டேன்.

இதை எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது. மூன்று தடவை கூப்பிட்டேன்.

ஜனவரி 29, திங்கள்

திருநெல்வேலியில் என் பெரியம்மா பேரன் கல்யாணம். பஸ்ஸில் போனோம். கங்கைகொண்டான் தாண்டும்போது இவர் போனைத் தட்டிக்கொண்டே இருக்கிறார். பூட்டு போட்டுக்கொண்டது. "ஏ, நான் ஓட்டலப்பா, உக்காந்துதான் இருக்கேன்!" என்று போனைப் பார்த்துச் சொல்கிறார். முன்சீட்டு ஆள் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

அந்த ஆளே வாங்கிப் பார்த்தார். "கீழ ஒரு பட்டன் இருக்கு பாருங்கண்ணே. 'நான் பயணி'ன்னு. அதை அமுக்குனா தொறந்துரும்."

அமுக்கினார். திறந்தது. இவருக்கு ஒரே ஆச்சரியம்.

"நான் ஓட்டுறேனா, உக்காந்திருக்கேனான்னு இதுக்குத் தெரியாதா?"

"அது எப்படித் தெரியும்? நீங்க சொல்றதை நம்பிக்கிடும்."

கல்யாணச் சாப்பாடு சுமார். தேங்காய்ப்பால் சொதி மட்டும் நன்றாக இருந்தது.

பிப்ரவரி 4, ஞாயிறு

அருள்மேரி அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். ஆஸ்பத்திரியில் இருந்தபோது வாரம் ஒரு தடவை போவேன். வீட்டுக்கு வந்த பிறகு இது மூன்றாவது தடவை. இவர் ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை வந்தார், வாசலில் நின்று கும்பிட்டார், அவ்வளவுதான்.

அக்கா ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு நடக்கிறார்கள். காலுக்குள்ளே பிளேட் வைத்திருக்கிறது. எனக்காக எழுந்திருக்கப் பார்த்தார்கள், நான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். அவர்களுடைய வீட்டுக்காரர் அம்புரோஸ் அண்ணன் டீ போட்டுக்கொண்டு வந்தார்.

முற்றத்து ஓரத்தில் அந்த ஸ்கூட்டி நிற்கிறது. பழுது பார்த்துக் கொண்டுவந்துவிட்டார்கள். மேலே ஒரு பழைய சேலையைப் போர்த்தியிருக்கிறார்கள்.

"இனிமே ஓட்டுவீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"நான் ஓட்டலம்மா. விக்கச் சொல்லிட்டேன்." கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எனக்கு ஒண்ணு மட்டும் புரியவே மாட்டேங்குது, செம்பகம். ஆடு வந்துச்சுன்னு உங்க வீட்டுக்காரர் சொல்றாரு. நான் ஆட்டைப் பாக்கவே இல்ல. அவ்வளவு பெரிய ரோட்டுல ஒரு ஆடு வந்தா எப்படித் தெரியாமப் போகும்? அப்ப நான் எதைப் பாத்துக்கிட்டுப் போயிருக்கேன்? கவனமே இல்லாம ஓட்டியிருக்கேன்னுதானே அர்த்தம்? அன்னிக்குப் பின்னால ஒரு பிள்ளையை உக்காத்தி வச்சிருந்தா? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை எத்தனை நாள் ஏத்திட்டுப் போயிருக்கேன் தெரியுமா?"

"அப்படியெல்லாம் இல்லக்கா."

"உனக்கு எப்படித் தெரியும்? நீ அங்கயா இருந்த?"

கோபமாகக் கேட்கவில்லை. சும்மாதான் கேட்டார்கள். டீ ஆறிப்போனது. குடித்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 5, திங்கள்

மாவு அரைத்தேன். வேறொன்றும் இல்லை.

பிப்ரவரி 8, வியாழன்

அலமாரியைச் சுத்தம் செய்தபோது அந்த முதல் செல்போன் அகப்பட்டது. இரண்டாயிரத்து நாலில் வாங்கியது. சின்ன பச்சை வெளிச்சம், மேலே ஒரு குட்டிக் கொம்பு. பேட்டரி உப்பிப்போய்விட்டது. சிந்துஜாவுக்கு அப்போது மூன்று வயது. போனை எடுத்து "அப்பா நிக்கியா?" என்று கேட்பாள். பேசினால் அப்பா எங்கேயோ நிற்கிறார் என்றுதான் அவளுக்கும் பழக்கம். "இல்லடா தங்கம், அப்பா ஓடிக்கிட்டே பேசுறேன்" என்று அவர் சொன்ன அன்றைக்கு வீட்டில் எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம்! நிற்காமலேயே பேசலாம் என்பது அப்படி ஒரு அதிசயமாக இருந்தது. ஊரில் முதலில் அதைச் செய்தது நாங்கள்தான் என்பது மாதிரி நான் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அதற்கப்புறம் இருபது வருஷம். அவர் காதில் ஒயர், என் தோளில் போன். நான் வெங்காயம் உரிப்பேன், அவர் வள்ளியூர் தாண்டுவார். ஆரல்வாய்மொழியில் காற்றாடிகள் சுற்றுகிற சத்தத்தை அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு எனக்குக் கேட்கவைப்பார். நாங்குநேரியில் மழை என்றால் எனக்கு இங்கே தெரியும். நான் பார்க்காத ரோடு. ஆனால் எந்தத் திருப்பத்தில் அவர் கியர் மாற்றுவார் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். நான் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். தினமும் நாகர்கோவில் போய்வந்தவள் நான்.

அந்த நாட்கள் போய்விட்டன என்று நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது. அது தப்பு என்றும் தெரிகிறது. இரண்டும் சேர்ந்தே வருகிறது.

பிப்ரவரி 12, திங்கள்

இன்றைக்கு நடந்ததை முழுவதும் எழுதிவிட வேண்டும்.

பதினொரு மணிக்குக் கூப்பிட்டேன். அந்தப் பதிந்த குரலைக் கேட்பதற்காகத்தான். முதல் மணி அடித்ததுமே எடுத்துவிட்டார்.

"சொல்லு செம்பகம்."

பின்னால் என்ஜின் சத்தம். நான்காவது கியர். காற்று அடிக்கிற சத்தம். வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

"எப்படி எடுத்தீங்க?"

"அந்தப் பயணி பட்டனை அமுக்கிட்டேன்" என்று சிரித்தார். "ரோடு வெறிச்சுன்னு கிடக்கு. என்ன பண்ற?"

ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடி, எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதித்தான் ஆகவேண்டும். அப்புறம்தான் அந்த என்ஜின் சத்தம் உறைத்தது. வைத்துவிட்டேன். அவர் திரும்பக் கூப்பிட்டார். போனை அணைத்து அரிசிப் பானைக்குள் போட்டு மூடினேன்.

ஆறு மணிக்கு அவர் வருகிற வரைக்கும் நான் ஒரு வேலையும் செய்யவில்லை. வேன் சத்தம் கேட்டதும்தான் மூச்சு வந்தது.

"ஏன் வச்சிட்ட? மதியம் முழுக்க என்னமோ ஏதோன்னு பதறிக்கிட்டு ஓட்டுனேன்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார்.

"இன்னொரு தடவை ஓட்டும்போது எடுத்தீங்கன்னா நான் இந்த வீட்டுல இருக்கமாட்டேன்."

"நீதானே கூப்பிட்ட?"

"நான் உங்க ரெக்கார்டைக் கேக்கக் கூப்பிட்டேன்."

அவர் அப்படியே நின்றார். சட்டையைக் கழற்றப்போன கை பொத்தானிலேயே இருந்தது. அப்புறம் மெதுவாகச் சொன்னார், "அன்னிக்கும் நீதான் கூப்பிட்ட, செம்பகம். நான் இதுவரைக்கும் யாருகிட்டயும் சொல்லல."

நாலு மாதமாக நாங்கள் இரண்டு பேரும் வாயைத் திறக்காத பேச்சு அது.

ஆமாம். நான்தான் கூப்பிட்டேன். பதினொன்று பத்துக்கு. எதிர்வீட்டுக் கிளி குக்கர் விசில் மாதிரி கத்தப் பழகிவிட்டது. அந்தம்மா ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிடுகிறார்கள், சோறு வேகவே இல்லை. இதைச் சொல்வதற்குத்தான் கூப்பிட்டேன். நான் கிளி மாதிரியே கத்திக் காட்டினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். இன்னொரு தடவை கத்து என்றார். கத்தினேன். சிரித்துக்கொண்டே இருந்தவர் "ஐயோ" என்றார். அப்புறம் ஒரு சத்தம். தகரம் இழுபடுகிற சத்தம். அப்புறம் ஒரு பெண்ணின் குரல்.

ஆடு எதுவும் இல்லை.

அன்றைக்கு மதியம் என் போனில் இருந்த அந்த அழைப்பை நான் அழித்தேன். அவரும் தன் போனில் அழித்திருந்தார். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலேயே.

"அந்தக்கா தன் மேலதான் தப்புன்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க. வண்டியை விக்கப் போறாங்க" என்றேன்.

"தெரியாதே எனக்கு."

"சொல்லணுங்க."

"சொன்னா என்ன ஆகும்னு தெரியுமா? லைசென்ஸ் ஒரேயடியாப் போகும். முதலாளி முகத்துல எப்படி முழிப்பேன்? ஆடு ஆடுன்னு அவர்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!"

"நான் மட்டும் போய் சொல்றேன். நான்தான் கூப்பிட்டேன்னு."

"எடுத்தது நான்ல?" என்று கத்தினார். கத்திவிட்டு முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். "உன் குரல் இல்லாம எனக்கு ஓட்டத் தெரியல, செம்பகம். இருபது வருஷமாப் பழகிப்போச்சு. ரோடே வேற மாதிரி இருக்கு."

எனக்கும் அப்படித்தான் என்று சொல்லவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

பிப்ரவரி 13, செவ்வாய்

காலையில் தோசை வைத்துக்கொடுக்கும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நாளைக்கு லீவு சொல்லிட்டேன். ரெண்டு பேருமாப் போவோம்."

பிப்ரவரி 14, புதன்

பஸ்ஸில் போய் விலக்கில் இறங்கினோம். அந்த இடம்தான். இவர் இறங்கியதும் ரோட்டைப் பார்க்காமல் வேகமாக நடந்தார்.

அருள்மேரி அக்கா அப்போதுதான் மாதா கோயிலிலிருந்து வந்திருந்தார்கள். இன்றைக்குச் சாம்பல் புதன். நெற்றியில் சாம்பலால் சிலுவை. இவரைப் பார்த்ததும் "உள்ள வாங்கண்ணே, ஆஸ்பத்திரியிலயும் வாசல்லயே நின்னுட்டுப் போயிட்டீங்க" என்றார்கள்.

வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்து வைத்திருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது.

"அக்கா, அன்னிக்கு ஆடு வரல" என்றேன்.

அவர்கள் புரியாமல் பார்த்தார்கள்.

"இவர் போன் பேசிக்கிட்டு ஓட்டுனாரு. பேசினது நான்தான். உங்க மேல எந்தத் தப்பும் இல்ல. நீங்க சரியாத்தான் போயிருக்கீங்க."

இவர் பின்னாலேயே சொன்னார். "ஆமாம்மா. நீங்க கையைக் காட்டித்தான் திரும்புனீங்க. நான் கடைசி நிமிஷத்துலதான் பாத்தேன். எல்லார்கிட்டயும் பொய் சொல்லிட்டேன். ஸ்டேஷன்ல வந்து சொல்லச் சொன்னீங்கன்னா இப்பவே வாரேன்."

அம்புரோஸ் அண்ணன் உள்ளேயிருந்து வந்தார். கையில் டீத்தூள் டப்பா. அவருக்கு முகம் மாறிவிட்டது. "நாலு மாசமா பழம் வாங்கிட்டு வந்தது இதுக்குத்தானா?" என்றார் என்னைப் பார்த்து. அக்கா கையைக் காட்டி அவரை நிறுத்தினார்கள்.

அக்கா தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் கேட்டார்கள்.

"என்ன பேசிக்கிட்டிருந்தீங்க?"

வேறு எதையாவது கேட்டிருக்கலாம். அவசரமாக ஏதாவது பேசினோம், உடம்பு சரியில்லை, பிள்ளைக்கு ஒன்று என்று சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. இவர் என்னைப் பார்த்தார்.

"எதிர்வீட்டுக் கிளியைப் பத்தி" என்றேன்.

"கிளியா?"

"அது குக்கர் விசில் மாதிரி கத்துது. அதைச் சொன்னேன். இவர் சிரிச்சாரு."

அக்கா என்னைப் பார்த்தார்கள். அவர்கள் கண் நிறைந்துவிட்டது. திட்டுவார்கள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒரு கிளிக்காகவா?" என்று மட்டும் கேட்டார்கள். அப்புறம் கம்பை ஊன்றி எழுந்து, முற்றத்தைப் பார்த்து நின்றுகொண்டு சொன்னார்கள்: "எனக்கு ஸ்டேஷன், கோர்ட்டு எதுவும் வேண்டாம். ஏறி எறங்க முடியாது. நாலு மாசமா நான் என்னையே சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்தேன். பிள்ளைங்க பக்கத்துல வந்தாக்கூட பயந்தேன். அது எறங்கிருச்சு. அது போதும். ஆனா இப்போதைக்கு நீங்க ரெண்டு பேரும் இங்க வராதீங்க. என்னைக்காவது நானே கூப்பிடுறேன். கூப்பிடலைன்னா கோவிச்சுக்காதீங்க."

"சரிக்கா."

கும்பிட்டுவிட்டு வந்தோம். திரும்பும்போது இவர் அந்த விலக்கில் நின்றார். ரோட்டில் கறுப்பாக டயர் தடம் ஒன்றும் இல்லை, வெள்ளைக் கோடு புதிதாகப் போட்டிருக்கிறார்கள். பஸ் வருகிற வரைக்கும் அங்கேயே நின்றுகொண்டிருந்தோம்.

பிப்ரவரி 20, செவ்வாய்

முதலாளியிடமும் சொல்லிவிட்டார். அவர் சத்தம் போட்டாராம். "பதினெட்டு வருஷம் என் முகத்தைப் பாத்திருக்க, என்கிட்டயே ஆடுன்னு சொல்லிட்டியே" என்று. வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனால் ஒரு மாதம் குடோனில் சரக்கு அடுக்குகிற வேலை. வேனை வேறு ஆள் ஓட்டுகிறான்.

முகம் வாடித்தான் வருகிறார். ஆனால் நன்றாகத் தூங்குகிறார். அக்டோபரிலிருந்து இல்லாத தூக்கம்.

சிந்துஜாவுக்கும் போனில் சொன்னேன். "அதனாலதான் உன் நம்பர் வேண்டாம்னியா?" என்றாள். "ஆமாடி." "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லம்மா." அப்புறம் அழுதாள். நானும்.

அந்தப் பயணி பட்டனை அவள் அங்கிருந்தே எடுத்துவிட முடியுமாம். ரகசிய எண் போட்டுப் பூட்டிவைத்தால் அவரால் அமுக்க முடியாதாம். அவரே என்னிடமிருந்து போனை வாங்கி அவளிடம், "எண்ணை எனக்குச் சொல்லாத, அம்மாவுக்கும் சொல்லாத" என்றார். பஸ்ஸில் போகும்போது சும்மா உட்கார்ந்து வரவேண்டியதுதான்.

மார்ச் 22, வெள்ளி

இன்றைக்குத்தான் திரும்ப வேனை எடுத்தார்.

ஒன்பதேகாலுக்குப் போன் வந்தது. "நாங்குநேரி. டீக்கடை ஓரமா நிக்கேன்." டீக்கடையில் ஆற்றுகிற சத்தம் கேட்டது. நான் கேட்டேன், வண்டிச் சாவி எங்கே என்று. "கையில இருக்கு, இந்தா" என்று குலுக்கிக் கேட்கவைத்தார். சிரித்துவிட்டேன். மூன்று நிமிஷம் பேசினோம். என்ன பேசினோம் என்று இப்போது ஞாபகமில்லை. வைக்கிறேன் என்று சொல்லி இரண்டு பேருமே வைக்கவில்லை. அப்புறம் டீக்கடைக்காரர் யாரையோ கூப்பிட்டார், இவர் வைத்துவிட்டார்.

வயசு நாற்பத்தாறு. போன் எப்போது வரும் என்று காத்திருக்கிறேன். வந்ததும் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக்கூட "கொஞ்சம் பொறுடி" என்று நிறுத்திவிடுகிறேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

ரேஷன் கடைக்குப் போய்விட்டு மெயின் ரோட்டில் வந்துகொண்டிருந்தேன். வெயில் கண்ணைக் கூசுகிறது. மார்க்கெட் திருப்பத்தில் ஒரு ஸ்கூட்டி வந்தது. மெதுவாக. வலது பக்கம் கையை நீட்டி, நன்றாக நீட்டி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திரும்பியது.

அருள்மேரி அக்கா. கம்பைக் காணோம். தலையில் ஹெல்மெட். பின்னால் கீரைக்கட்டும் முட்டை அட்டையும். சத்துணவுக்கு வாங்கியிருப்பார்கள்.

என்னைப் பார்த்தார்களா என்று தெரியவில்லை. பார்த்திருந்தாலும் நிற்கவில்லை. நான் கூப்பிடவில்லை. மருந்துக்கடை நிழலில் நின்றுகொண்டு, அந்த வண்டி கூட்டத்துக்குள் மறைகிற வரைக்கும் பார்த்தேன். ஒரு தடவைகூட ஆடவில்லை, நேராகப் போனது.

இதை உடனே அவரிடம் சொல்ல வேண்டும் என்று மனசு துடித்தது. போனைக் கையில் எடுத்துவிட்டேன். மணி பதினொன்று ஐந்து. வள்ளியூருக்கும் பணகுடிக்கும் நடுவில் ஓட்டிக்கொண்டிருப்பார்.

போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினேன். சாயங்காலம் வருவார். வாசல்படி ஏறும்போதே சொல்லிவிட வேண்டும்.